இரண்டு கை மைதா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பதினொரு தடவை போன் செய்துவிட்டேன். இரண்டு தடவை அத்தான் எடுத்தார். இரண்டு தடவையும் "உங்க அக்கா குளிக்கிறாம்மா" என்றார். காலை பத்துக்கும் குளியல், மாலை நாலுக்கும் குளியல். சளி பிடித்துக்கொள்ளப் போகிறது, பார்த்துக்கொள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் நெற்றியில் தையல் பிரித்தாயிற்றா? அத்தானின் மணிக்கட்டுக் கட்டை எப்போது எடுக்கிறார்கள்? ஆஸ்பத்திரியில் நான் வந்து நின்றபோது நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். வலியில் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே நினைத்துக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் இந்த இரண்டு வாரமும் பார்த்தேன்.

விருந்தைப் பற்றி எழுதட்டுமா? கார் போய்க் கம்பத்தில் மோதிய நாளை விருந்து நாள் என்று சொல்வதற்கே நாக்கு கூசுகிறது. ஆனாலும் உன் சீஸ் டிப் அமோகம், அக்கா. முதல் நாள் சனிக்கிழமை செய்து பார்த்தபோது திரிந்துபோய், மேலே எண்ணெயும் கீழே ரப்பருமாக நின்றது. அழுதே விட்டேன். அப்புறம்தான் நீ எழுதிக் கொடுத்த செய்முறைத் தாளை ஒழுங்காகப் படித்தேன். "பாக்கெட்டில் துருவி வருவதை வாங்காதே, ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பான், கட்டியாக வாங்கி நீயே துருவு" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை அப்படியே செய்தேன். காலிஃபிளவரை ஆவியில் குழைய வேகவைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, மிக்ஸியில் வெண்ணெய் போல அரைத்தேன். கிரீம் சீஸ் இளகிய பிறகு விழுது, அதன் பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, துருவிய சீஸைப் பிடிபிடியாக. கொதிக்கவே விடவில்லை. கிண்ணத்தைச் சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்ததால் கடைசி வரை இறுகவும் இல்லை.

என் வீட்டுக்காரருடைய மேனேஜரின் மனைவி, அதுதான் நம் மேனேஜரம்மா, இரண்டு தட்டு சாப்பிட்டார். போன வாரம் போன் செய்து மூன்று தட்டு ஆர்டர் கொடுத்தார். அவர் தோழிகள் இரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் உன் கைப்பக்குவம்தான், அடித்தது என் யோகம்.

என்மேல் ஏதாவது கோபமா? இருந்தால் வாயைத் திறந்து திட்டிவிடு. நீ பேசாமல் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது, உனக்கே தெரியும்.

உன்
சில்வண்டு

பி.கு: அத்தான் அன்று சாப்பிடுவதற்கு முன் ஊசி போட்டுக்கொண்டாரா? சும்மாதான் கேட்கிறேன்.


மார்ச் 14

சில்வண்டு,

சும்மா கேட்கவில்லை நீ. நாலு பக்கம் சீஸைக் கிண்டிவிட்டு, கேட்க வேண்டியதைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறாய்.

போட்டுக்கொண்டார். ஆறு யூனிட் இன்சுலின். பத்து கிராம் மாவுச்சத்துக்கு ஒன்று என்பது அவர் கணக்கு. நான் எழுதிக் கொடுத்த டிப்பில் கிண்ணத்துக்கு ஆறு கிராம். அவர் சாப்பிட்டது இரண்டு கிண்ணம், அதுவும் வெள்ளரித் துண்டில் தொட்டு. ரொட்டியையும் கேக்கையும் தொடவில்லை. ஒரு யூனிட் போதும். ஏன் ஆறு போட்டார்? "என்ன போட்டிருக்கேம்மா, இவ்வளவு கெட்டியா இருக்கு?" என்று உன்னைக் கேட்டார். நீ என்ன சொன்னாய்?

உன் வீட்டிலிருந்து கிளம்பி இருபது நிமிடத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வேர்த்துக் கொட்டினார். நான் பேசியது அவர் காதில் ஏறவில்லை. பிறகு கம்பம். எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாத சர்க்கரை முப்பத்தெட்டு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிற்பகல் மூன்று மணி, தெருவில் ஆள் இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அவர் வேலை என்னவென்று உனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம். நூற்றிருபது அடி உயரத்தில் கிரேன் கூண்டில் தனியாக உட்கார்ந்து, கீழே நிற்பவர்கள் தலைக்கு மேல் இரும்பைத் தூக்குகிறவர். ஊசி போடுகிற ஆளை அந்தக் கூண்டில் விடுவதற்குக் காரணமே, ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் கணக்குத் தப்பவில்லை என்பதுதான். இப்போது இறக்கிவிட்டார்கள். ஏப்ரல் 21 அன்று கம்பெனி மருத்துவக் குழு விசாரிக்கிறது. தானே கணக்குத் தப்பி மயங்கினார் என்றால் இனி ஏற்ற மாட்டார்கள். தவறாகச் சொல்லப்பட்டதால் நடந்தது என்றால் அது வேறு.

அவருக்கு நடந்தது தெரியாது. தன் தலைக்குள் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நீ அன்று சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. போன் செய்யாதே. போனில் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

சொல்கிறேன். பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

போன வருஷம் எங்கள் வீட்டு விருந்தில் நான் மைதா இல்லாமல் பீட்சா செய்தேனே, அதைக் கடித்துவிட்டு மேனேஜரம்மா எல்லார் முன்னாலும், "யாருக்கும்மா உடம்பு சரியில்ல? ஆஸ்பத்திரி கேன்டீன்ல சாப்ட்ட மாதிரி இருக்கு" என்றார். கொல்லென்று சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் சிரிக்க வேண்டிய இடம் அது, மேனேஜர் வீட்டம்மா ஆயிற்றே. எனக்குத்தான் மூக்கறுபட்டது. ஒரு வருஷம் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இந்தத் தடவை அவர் ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "அடடா, இதுல என்னதான் போட்ட?" என்றார். அந்த நேரம் பார்த்து அத்தானும் அதையே கேட்டார். காலிஃபிளவர் என்று என் வாயில் வரவில்லை, அக்கா. "உருளைக்கிழங்கு மூணு கிலோ, மைதா ரெண்டு கை! டயட் கியட் எல்லாம் நம்ம வீட்ல கிடையாது" என்று சவடாலாகச் சொன்னேன். சொல்லிவிட்டு அத்தானைப் பார்த்துக் கண்ணடித்தேன். புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். மேனேஜரம்மாவைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் சிரித்தார். பிறகு சமையலறையில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். யாரோ ஐஸ் கேட்டார்கள், யாரோ கிளாஸை உடைத்தார்கள், மறந்தே போனேன். கம்பத்தில் கார் மோதியது என்று போன் வந்ததும் எனக்கு முதலில் வந்த ஞாபகம் அந்த இரண்டு கை மைதாதான். அன்றைக்கே தெரியும் எனக்கு. தெரிந்துகொண்டேதான் மூன்று தட்டு ஆர்டர் எடுத்தேன்.

ஆனால் எழுதிக் கொடு என்கிறாயே, அது மட்டும் வேண்டாம். விசாரணைத் தாள் எங்கெங்கோ போகும். என் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவர் மேனேஜருக்குத் தெரியும். ஊரைக் கூட்டிப் பொய் சொன்னவள் கையால் யார் வாங்கிச் சாப்பிடுவார்கள்? வாரத்துக்கு நாலு ஆர்டர் வருகிறது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் எனக்கென்று நடக்கிற முதல் காரியம் இது. அத்தான் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். நேரில் வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். தாள் மட்டும் கேட்காதே.

இன்னொன்றும் கேட்கத்தான் வேண்டும். அவர் என்னைக் கேட்டபோது நீ என் பின்னால்தானே தட்டோடு நின்றாய்? அது உன்னுடைய டிப். நீ ஏன் சொல்லவில்லை?

சில்வண்டு


மார்ச் 25

சில்வண்டு,

ஹாலில் ஒரே இரைச்சல். நீ சொன்னது என் காதில் விழவில்லை. பிற்பாடுதான் அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். பழியைப் பங்கு போட ஆள் தேடாதே.

நீ நேரில் வந்து காலில் விழுந்தால் அவர் "எழுந்திரும்மா, விடு" என்பார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். குழுவில் போய் உன்னைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டார். அதற்காகத்தான் தாள் கேட்கிறேன்.

இங்கே என்ன நடக்கிறது தெரியுமா? என் மருந்துக் கடையிலிருந்து ஒரு சின்னத் தராசு வாங்கி வந்திருக்கிறார். ரொட்டித் துண்டை நிறுக்கிறார். நோட்டில் எழுதுகிறார். அடித்துவிட்டு மறுபடி நிறுக்கிறார். நேற்று ஒரு ஆப்பிளை நாலு தடவை நிறுத்துவிட்டுச் சாப்பிடாமலே வைத்துவிட்டார். "அறுபதுன்னுதானே போட்டேன்? மூணு கிலோ கிழங்கு, மைதா, இருபது பேருக்கு... எங்கே தப்பினேன்னு தெரியலையே" என்று என்னைக் கேட்கிறார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு நாள் பின்னாலேயே போனேன். அவர் வேலை பார்த்த கட்டடத்துக்கு எதிர்ப் பக்க நடைபாதையில், கட்டுப் போட்ட கையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். கூண்டில் வேறு ஆள். "ரொம்ப வேகமாத் திருப்புறான்" என்றார் என்னைக் கண்டதும்.

உனக்கு ஆர்டர் வருகிறது. சந்தோஷம்.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

நீ கேட்ட தாள் இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். நான் நல்லவளாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

நேற்று பகல் மேனேஜரம்மா வீட்டில் அவர் பெண்ணுக்குப் பிறந்தநாள். தட்டுகளைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்துச் சுடுநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் தன் அண்ணனைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். வெளியூர்க்காரர், நல்ல உயரம், சட்டைப் பையில் பேனா மாதிரி ஒன்று. அத்தானிடம் இருக்கிற அதே ஊசி. "இவருக்குப் போன மாசந்தான் இன்சுலின் ஆரம்பிச்சிருக்காங்க. எதைச் சாப்பிட்டாலும் கணக்குப் பாக்கணுமாம். உன் டிப்ல ஒரு கரண்டிக்கு எவ்வளவு மைதா வரும், சொல்லும்மா" என்றார் மேனேஜரம்மா.

சுற்றிலும் அன்றைக்கு வந்த அதே ஆட்கள். அந்த அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார், ஊசியில் எண்ணைத் திருப்புவதற்கு. அத்தானும் இப்படித்தானே நின்றிருப்பார் என்று தோன்றியது. அதற்கு மேல் தாங்கவில்லை.

"மைதாவே கிடையாதுங்க. கிழங்கும் கிடையாது. முழுக்கக் காலிஃபிளவர். ஒரு கிண்ணத்துக்கு ஆறு கிராம்தான். அன்னிக்கு நான் பொய் சொன்னேன்" என்றேன்.

மேனேஜரம்மா தட்டைப் பார்த்தார். "அப்போ நான் ரெண்டு தட்டு தின்னது காலிஃபிளவரா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று என்று மீதியையும் சொன்னேன். எங்க அத்தான் கேட்டார், அவரிடமும் இதையே சொன்னேன், கார் கம்பத்தில் மோதியது, வேலை போகப் போகிறது. அந்த அண்ணன் ஊசியை மெதுவாக மூடிப் பையில் வைத்துக்கொண்டார். நான் செய்ததைத் தொடவே இல்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

என் வீட்டுக்காரர் நேற்றிலிருந்து பேசவில்லை. இன்று காலையில் ஒரே ஒரு வார்த்தை, "அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றார். இரண்டு ஆர்டர் போய்விட்டது. போகட்டும்.

நான் எழுதியிருப்பதைப் படித்துப் பார். "எங்கள் அத்தான் கேட்ட கேள்விக்கு நான் தெரிந்தே தவறான பதில் சொன்னேன். என் பதிலை வைத்துப் பார்த்தால் அவர் போட்ட கணக்கு மிகச் சரியானது. நான் சொன்னது பொய் என்பது அங்கே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது." போதுமா? இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் சொல், சேர்த்து அனுப்புகிறேன்.

உன்னைக் கேட்ட அந்தக் கேள்விக்கு மன்னித்துவிடு. என் வாய்க்கொழுப்பு.

சில்வண்டு


ஏப்ரல் 10

அன்புள்ள சில்வண்டுக்கு,

உன் தாளை இரண்டு நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். கம்பெனி வாசல் வரை போனேன். கொடுக்க முடியவில்லை. கடைசி வரி பொய். அது உன் பொய் இல்லை, என்னுடையது.

எனக்குத் தெரியும். மாவு இல்லை என்று தெரியும், என் கையால் எழுதிய செய்முறை அது. நீ சொன்னதும் என் காதில் விழுந்தது. இரண்டு கை மைதா என்று நீ சொன்னதும் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. "அவர்கிட்ட முன்னாடியே சொல்லாதே, சாப்பிட்டு முடிச்சதும் நானே சொல்றேன்" என்று உன்னிடம் சொல்லி வைத்தவளும் நான்தான். ஒரு விருந்திலாவது அவர் கணக்குப் பார்க்காமல் கை வைக்கட்டும் என்று ஆசைப்பட்டுச் செய்த ஏற்பாடு, கடைசியில் இப்படி வந்து நின்றது.

இன்னும் இருக்கிறது. கை கழுவப் போனபோது உன் படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. அவர் ஜன்னல் பக்கம் நின்று ஊசியைத் திருப்பிக்கொண்டிருந்தார். எண்ணைப் பார்த்தேன். ஆறு. மருந்துக் கடையில் பதினாறு வருஷமாக நிற்கிறவள் நான். பார்த்ததுமே தெரிந்தது, இது அதிகம் என்று.

வரும்போது காரில் எங்களுக்குச் சண்டை. "வீட்லயும் மருந்துக்கடை நடத்தாதே, ஒரு நாளாவது என்னை மனுஷனா இருக்க விடு" என்று கத்தினார். அந்த ஆத்திரம் எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. என்னைக் கேட்டாரா என்ன, போட்டுக்கொள்ளட்டும், கேக் சாப்பிடப் போகிறாரோ என்னவோ என்று நினைத்து, கதவுப் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்துவிட்டேன். அவர் கேக்கைத் தொடவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கிளம்பும்போது சாவியை எடுத்துக் கொடுத்தது யார் என்று நினைக்கிறாய்? ஒரு வாய் ஜூஸ் குடியுங்கள் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் நான் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது உன்மேல் இருந்த கோபத்தால் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைக்க முயற்சி செய்தேன். உன்னைத் திட்டத் திட்ட எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. உன் கேள்விக்கு நான் எழுதிய பதில்தான் நான் எழுதியதிலேயே அசிங்கமானது.

நேற்று அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தராசு மேஜைமேல் இருந்தது. உன் தாளைக் கொடுத்தேன். படித்தார். பிறகு நான் என் வாயால் சொன்னதைக் கேட்டார். "ஆறுன்னு போட்டது சரிதானா அப்போ?" என்றார். "நாங்க சொன்னதுக்குச் சரிதான்" என்றேன். "அன்னிக்கு அந்த வீட்ல உண்மை பேசினது என் உடம்பு ஒண்ணுதான் போல" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டார். அழுதாரா என்று தெரியாது. திரும்பி வந்து தராசைத் துடைத்து அதன் பெட்டியில் போட்டு மூடினார்.

என்னோடு அவர் இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசுவார். அதுவரை பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

உன் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கடைசி வரியை அடித்துவிட்டு, "என் அக்காவுக்கும் தெரியும்" என்று எழுது. அதன் கீழே நான் என் பங்கை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள சில்வண்டுக்கு,

இரண்டு பக்கத் தாளையும் குழுவில் மூன்று பேரும் மாற்றி மாற்றிப் படித்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் டாக்டர் கதவைத் திறந்து என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். அந்தப் பார்வை எனக்குத் தேவைதான்.

முழுதாக விடவில்லை. கையில் சர்க்கரை அளக்கும் கருவி ஒட்டிக்கொண்டு ஆறு வாரம் கீழே நின்று வேலை பார்க்க வேண்டும். அதில் தப்பில்லை என்றால் கூண்டுக்குப் போகலாம். "கணக்கில் பிழை இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். தினம் இரண்டு தடவையாவது எடுத்துப் பார்க்கிறார்.

கூண்டுக்குத் திரும்புகிற நாளில் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் ஒரு சின்ன விருந்து வைக்கப் போகிறாராம். "உன் தங்கச்சியை அந்த டிப்பைச் செஞ்சு அனுப்பச் சொல்லு" என்றார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். "நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார்.

முப்பது பேருக்கு. அதில் ஊசி போடுகிறவர்கள் வேறு யாராவது இருக்கலாம்.

அக்கா


ஜூன் 7

அக்கா,

டப்பா பஸ்ஸில் வருகிறது. சூடாக்கும்போது கொதிக்க விடாதே, கொதித்தால் திரிந்துவிடும். இறுகினால் ஒரு கரண்டி பால் ஊற்று.

மூடியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் எந்த டப்பாவும் அது இல்லாமல் என் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. மேனேஜரம்மாவின் அண்ணனுக்குக்கூட அப்படி ஒன்று போயிற்று, அவரே கேட்டு வாங்கினார். உங்கள் டப்பாவில் மட்டும் கூடக் கொஞ்சம் எழுதியிருக்கிறேன். பிரிக்கும் அவசரத்தில் கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று இங்கேயும் எழுதுகிறேன்.

"காலிஃபிளவர், சீஸ், கிரீம், பூண்டு, மிளகு. மைதா இல்லை. உருளைக்கிழங்கு இல்லை. ஒரு கிண்ணத்துக்கு ஆறு கிராம்.

அத்தான், என் பேச்சை மட்டும் நம்பாதீங்க. ஊசியைத் திருப்பும் முன் அக்காவை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

அக்கா, அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடு."

சில்வண்டு